வெர்ப் வகைகள்: எந்த வகை எந்தத் தப்பைத் தடுக்கும்?

ஆங்கில இலக்கணத்தில் வெர்ப் பாடம் தொடங்கியதும் பலரும் திணறுவது பெயர்களில்தான். ஆக்ஸிலரி, மோடல், லிங்க்கிங், ட்ரான்ஸிடிவ், இன்ட்ரான்ஸிடிவ், ஸ்டேட்டிவ், ஃபைனைட், ஃப்ரேஸல் என்று வரிசையாக வந்து நிற்கும். மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடலாம். ஆனால் மறுநாள் பேசும்போது 'டிட் யூ வென்ட்?' என்றுதான் வாயில் வரும். எனவே இங்கே ஒவ்வொரு வகையையும், தமிழ் பேசுகிற நமக்கு அது எந்தத் தப்பைத் தடுக்கும் என்ற கணக்கில் மட்டும் பார்க்கலாம். தடுக்க எதுவும் இல்லாத பிரிவுகளை வேகமாகக் கடந்துவிடுவேன்.

உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், ஸ்பெல்லிங்கும் கையோடு வந்துவிடும். ஒரே ஒரு ஏற்பாடு: 'செய்' என்று பொருள்படும் சொல்லை 'டூ' என்று நீட்டி எழுதுகிறேன். 'டு கோ', 'டு ஸ்கூல்' என்று வருவது குறில்.

முதல் படி: வாக்கியத்தில் வெர்ப் எது?

தமிழில் வினைச்சொல்லுக்குச் சொல்லும் அடையாளம், அது காலம் காட்டும் என்பது. ஆங்கிலத்துக்கும் அதே சோதனையை வைக்கலாம். வாக்கியத்தில் 'எவ்ரிடே' இருந்தால் அதை எடுத்துவிட்டு 'எஸ்டர்டே' போடுங்கள். எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுதான் வெர்ப். 'ஷீ வாட்டர்ஸ் தி ப்ளான்ட்ஸ் எவ்ரிடே' என்ற வாக்கியத்தில் வாட்டர் என்பதைப் பார்த்ததும் தண்ணீர், பெயர்ச்சொல் என்று தோன்றும். 'எஸ்டர்டே' போட்டால் அது 'வாட்டர்ட்' ஆகிவிடுகிறது. ஆக, இங்கே அது வெர்ப். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். 'கட்', 'புட்' போன்ற சில சொற்கள் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், அவை விதிவிலக்கு.

இன்னொன்றையும் இந்த உதாரணம் காட்டுகிறது. பல சொற்களுக்கு நிரந்தர வகை கிடையாது. இந்த வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்பதை வைத்துத்தான் வகை. கீழே எல்லாப் படிகளிலும் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாம் படி: செயலா, இணைப்பா?

'அவர் டாக்டர்.' தமிழில் இது முழு வாக்கியம். வினையே இல்லை, ஆனால் குறையும் இல்லை. ஆங்கிலத்தில் வெர்ப் இல்லாமல் ஒரு வாக்கியம் நிற்காது. 'ஹீ இஸ் எ டாக்டர்' என்று நடுவில் ஒன்றைப் போட்டே ஆக வேண்டும். இப்படி எழுவாயையும் அதைப் பற்றிய செய்தியையும் இணைத்து வைப்பது லிங்க்கிங் வெர்ப். இதில் தலையாயது 'பீ'. அதற்கு மொத்தம் 8 வடிவங்கள்: பீ, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன். ஆங்கிலத்தில் வேறு எந்த வெர்புக்கும் இத்தனை வடிவம் இல்லை.

சரி, இஸ் விட்டுப்போகக் கூடாது என்று பயந்து எல்லா இடத்திலும் போடுவது அடுத்த தப்பு. 'ஐ ஆம் அக்ரீ', 'ஐ ஆம் கோ டு ஆபீஸ் டெய்லி' என்று பேசுபவர்கள் நிறைய. அக்ரீ, கோ இரண்டும் தாமே வெர்ப் என்பதால் ஆம் அங்கே உபரி. 'ஐ அக்ரீ' போதும்.

சீம், பிகம், லுக், ஸவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் ஆகியவையும் லிங்க்கிங் வேலை பார்க்கும். 'தி பிரியாணி ஸ்மெல்ஸ் குட்' என்றுதான் சொல்ல வேண்டும், 'வெல்' வராது. பிரியாணி எந்த வேலையும் செய்யவில்லை, அது எப்படி இருக்கிறது என்றுதான் சொல்கிறோம். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'இஸ்' போட்டுப் பாருங்கள். 'தி பிரியாணி இஸ் குட்' சரியாக நிற்கிறது, ஆகவே லிங்க்கிங். 'ஷீ ஸ்மெல்ட் தி மில்க்', அதாவது பால் கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்த்தாள். இங்கே 'வாஸ்' போட்டால் 'அவள்தான் பால்' என்று ஆகிவிடும். ஆகவே இது செயல்.

மூன்றாம் படி: முதலாளி வெர்பும் உதவியாள் வெர்பும்

தமிழில் கேள்வி கேட்பது சுலபம். கடைசியில் ஓர் ஆகாரம் சேர்த்தால் முடிந்தது: தெரியும், தெரியுமா. ஆங்கிலத்தில் அதற்கென்று ஓர் உதவியாள் முன்னால் வந்து நிற்க வேண்டும். பீ, ஹேவ், டூ என்ற மூன்றும் அந்த வேலையைப் பார்க்கும் ஆக்ஸிலரிகள். 'யூ நோ ஹிம்?' என்று இழுத்துக் கேட்டால் பேச்சில் புரிந்துகொள்வார்கள். ஆனால் எழுத்தில் 'டூ யூ நோ ஹிம்?' என்றுதான் வர வேண்டும்.

இங்கே மறக்கக் கூடாத விஷயம், காலத்தை ஒரே ஒருவர்தான் சுமப்பார் என்பது. உதவியாள் வந்துவிட்டால் காலம் அவர் தலையில் ஏறிவிடும். அந்த உதவியாள் டூ என்றால், முதலாளி, அதாவது செயலைச் சொல்லும் முக்கிய வெர்ப், அடிப்படை வடிவத்துக்குத் திரும்பிவிடுவார். 'யூ வென்ட்' என்பது கேள்வியாகும்போது 'டிட் யூ கோ?' என்று மாறுவது அதனால்தான். டிட், வென்ட் இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரே காலத்தை இரண்டு முறை சொல்கிறோம் என்று பொருள். 'ஹீ கோஸ்' என்பதில் உள்ள அந்த 'ஸ்' ஒலியும் இதே கதைதான். எதிர்மறையில் அது உதவியாளுக்குத் தாவி 'ஹீ டஸ் நாட் கோ' ஆகிவிடும். 'டஸ் நாட் கோஸ்' கிடையாது.

ஒரே சொல் இரண்டு வேடத்திலும் வரும். 'ஐ டிட் மை ஹோம்வொர்க்' என்பதில் டிட் முதலாளி. 'ஐ டிட் நாட் டூ மை ஹோம்வொர்க்' என்பதில் டிட் உதவியாள், டூ முதலாளி. 'ஷீ ஹேஸ் எ கார்' என்பதில் ஹேஸ் முதலாளி. 'ஷீ ஹேஸ் ஸோல்ட் தி கார்' என்பதில் ஹேஸ் உதவியாள்.

அப்புறம் மோடல்கள், அதாவது முடியும், வேண்டும் போன்ற பொருளைச் சேர்க்கும் உதவியாட்கள். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்று முக்கியமானவை 9. இவற்றுக்கு 'ஸ்' சேராது, பின்னால் 'டு' வராது, இரண்டு மோடல்கள் அடுத்தடுத்து வராது. 'ஹீ கேன் ஸ்விம்' சரி. 'ஹீ கேன் டு ஸ்விம்' தப்பு. 'ஐ கேன் ஏபிள் டு' என்பது நம்மூரில் அதிகம் காதில் விழும் தப்பு. கேன் என்றாலே ஏபிள்தான், ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு முடியும் என்று சொல்ல 'வில் கேன்' வராது, 'வில் பீ ஏபிள் டு' என்று போக வேண்டும்.

மோடலில் நமக்கு ஒரு பெரிய குழி இருக்கிறது. 'நீங்கள் வர வேண்டாம்' என்று தமிழில் சொன்னால், வரக் கூடாது என்றும் எடுத்துக்கொள்ளலாம், வரவேண்டிய அவசியம் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். குரலை வைத்துத் தெரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் தனித்தனி. 'யூ மஸ்ட் நாட் கம்' என்றால் தடை. 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' என்றால் சிரமப்பட வேண்டாம், அவ்வளவுதான். மரியாதையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு மேலதிகாரிக்கு முதலாவதை எழுதிவிட்டால் வம்புதான்.

நான்காம் படி: எதை? யாரை?

வெர்பைப் பார்த்து 'எதை?', 'யாரை?' என்று கேளுங்கள். வாக்கியத்திலேயே பதில் இருந்தால் ட்ரான்ஸிடிவ், இல்லையென்றால் இன்ட்ரான்ஸிடிவ். தமிழில் செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினை என்று பள்ளியில் படித்தது இதுதான்.

என் கணக்கில், தமிழர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. நம்முடைய வினைகள் பல, ஜோடி ஜோடியாக வருபவை. கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான். பால் காய்ந்தது, பாலைக் காய்ச்சினாள். வெர்பின் வடிவமே மாறிவிடும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே வடிவம் இரண்டு பக்கமும் ஓடும்: 'தி க்ளாஸ் ப்ரோக்', 'ஹீ ப்ரோக் தி க்ளாஸ்', 'தி மில்க் பாய்ல்ட்', 'ஷீ பாய்ல்ட் தி மில்க்'. தானாக நடந்தது என்று காட்ட 'வாஸ்' எதையும் செருக வேண்டியதில்லை. 'தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்' என்று எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். ஹேப்பன் எப்போதும் இன்ட்ரான்ஸிடிவ், 'எதை நடந்தது?' என்று யாரும் கேட்க முடியாது. எதை என்ற கேள்விக்கு இடமில்லாத வெர்புக்குப் பாஸிவ் வாய்ஸும் (செயப்பாட்டு வினை) கிடையாது. 'தி ஆக்ஸிடென்ட் ஹேப்பன்ட்' போதும்.

நம் ஊர் ஜோடிகள் மாதிரியே ஆங்கிலத்திலும் சில உண்டு. ரைஸ் என்றால் எழு, ரெய்ஸ் என்றால் எழுப்பு அல்லது உயர்த்து. ஃபால் என்றால் விழு, ஃபெல் என்றால் வீழ்த்து. மரத்தை வெட்டி வீழ்த்துவதைச் சொல்லும் சொல் அது. லை என்றால் படு, லே என்றால் எதையாவது கிடத்து. இதில் வேடிக்கை, ஃபால் என்பதன் இறந்தகாலம் ஃபெல், லை என்பதன் இறந்தகாலம் லே. ஆங்கிலேயர்களே லை, லே இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு, ஆகவே நாம் குழம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது ப்ரெபொசிஷன் தொல்லை, அதாவது அபவுட், டு, இன்டு போன்ற சின்னச் சொற்களின் தொல்லை. 'பிரச்சினையைப் பற்றிப் பேசினோம்' என்று மனத்தில் ஓடுவதால் 'வி டிஸ்கஸ்ட் அபவுட் தி ப்ராப்ளம்' என்று வருகிறது. டிஸ்கஸ் ஒரு ட்ரான்ஸிடிவ், 'எதை' என்பதை நேராகப் பிடித்துக்கொள்ளும். 'வி டிஸ்கஸ்ட் தி ப்ராப்ளம்'. இதே மாதிரி, சென்னைக்குப் போய்ச் சேர்ந்தேன் என்பதில் உள்ள 'கு' உருபு 'ரீச்ட் டு சென்னை' என்று வாங்கித் தருகிறது; 'ரீச்ட் சென்னை' என்பதே சரி. அறைக்குள் நுழைந்தேன் என்பதற்கு 'என்டர்ட் தி ரூம்', கேள்விக்குப் பதில் சொன்னேன் என்பதற்கு 'ஆன்ஸர்ட் தி க்வெஸ்ச்சன்', அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதற்கு 'ஷீ மேரீட் ஹிம்'. எங்கேயும் இன்டு, டு, வித் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'என்னைப் பார்' என்பதில் தமிழுக்கு 'ஐ' உருபு இருப்பதால் 'லுக் மீ' என்று வந்துவிடும். லுக் இன்ட்ரான்ஸிடிவ் என்பதால் 'லுக் அட் மீ' என்று பாலம் போட வேண்டும். 'லிஸன் டு மீ', 'வெயிட் ஃபார் மீ' இரண்டும் அப்படியே. புதுச் சொல் ஒன்றை அகராதியில் பார்க்கும்போது அர்த்தத்தோடு நிறுத்தாதீர்கள். பக்கத்தில் வி.டி., வி.ஐ. என்றோ, வெறும் டி, ஐ என்றோ ஒரு குறிப்பு இருக்கும். டி என்றால் ட்ரான்ஸிடிவ், ஐ என்றால் இன்ட்ரான்ஸிடிவ். அந்த ஓர் எழுத்து பல தப்புகளை மிச்சப்படுத்தும்.

இரண்டு செயப்படுபொருள்களைக் கேட்கும் வெர்புகளும் உண்டு: கிவ், ஸென்ட், ஷோ, டெல். 'ஷீ கேவ் மீ எ பென்' என்பதில் யாருக்கு என்பது முதலில், எதை என்பது அடுத்து. இடம் மாற்றினால் 'டு' வேண்டும்: 'ஷீ கேவ் எ பென் டு மீ'.

ஐந்தாம் படி: 'எனக்கு' என்று தொடங்குகிறதா?

'ஐ ஆம் நோயிங் ஹிம்', 'ஐ ஆம் ஹேவிங் த்ரீ பிரதர்ஸ்'. இந்தியர்கள் பேசும் ஆங்கிலம் என்றாலே கேலி செய்பவர்கள் முதலில் எடுக்கும் உதாரணங்கள் இவை. நோ, லைக், வான்ட், நீட், பிலீவ், அண்டர்ஸ்டாண்ட், பிலாங், ஓன் போன்றவை ஸ்டேட்டிவ் வெர்புகள். இவை ஒரு நிலையைச் சொல்கின்றன. நடந்துகொண்டே இருக்கும் செயல் அங்கே எதுவும் இல்லாததால் 'இங்' சேராது.

பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நினைப்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது, எனக்கு நினைவிருக்கிறது, எனக்கு மூன்று அண்ணன்கள் இருக்கிறார்கள். 'நான்' போய் 'எனக்கு' வந்துவிட்டால் பெரும்பாலும் அது ஸ்டேட்டிவ்தான், 'இங்' போடாதீர்கள். எனக்குப் பசிக்கிறது என்பதுகூட 'ஐ ஆம் ஹங்ரி' என்று இணைப்பாகத்தான் போகிறது. நம்புகிறேன் என்பது மாதிரி சில சொற்கள் இந்தக் குறுக்குவழியில் சிக்காது, அவற்றைத் தனியாக நினைவில் வையுங்கள்.

சில சொற்கள் இரண்டு வீட்டிலும் இருக்கும். 'ஐ திங்க் ஹீ இஸ் ரைட்' என்பது என் கருத்து, 'ஐ ஆம் திங்க்கிங்' என்பது யோசித்துக்கொண்டிருப்பது. 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, ஏனென்றால் ஹேவ் அங்கே சாப்பிடுவதைக் குறிக்கிறது. மெக்டொனால்ட்ஸ் 2003இல் 'ஐம் லவ்வின் இட்' என்று விளம்பரம் செய்ததே என்று கேட்கலாம். இந்தக் கணத்தில் ரசித்துக்கொண்டிருக்கிறேன் என்ற துள்ளலுக்காக விதியைத் தெரிந்தே வளைத்தது அது. இன்டர்வியூவில் நாம் அதைச் செய்ய வேண்டாம்.

ஆறாம் படி: மூன்று வடிவங்கள்

கோ, வென்ட், கான் என்று பள்ளியில் ராகம் போட்டுச் சொன்னது இது. 'எட்' சேர்த்து இறந்தகாலம் காட்டுபவை ரெகுலர், மற்றவை இர்ரெகுலர். இர்ரெகுலரில் அன்றாடம் தேவைப்படுபவை சுமார் 200. அகர வரிசையில் படிப்பது வீண். ஒலியை வைத்துக் கட்டுக் கட்டாகப் பிரியுங்கள்: ஸிங், ஸாங், ஸங் போல ரிங், ட்ரிங்க், ஸ்விம், பிகின் ஒரு கட்டு, பை, பாட், பாட் போல திங்க், டீச், கேட்ச், ப்ரிங் ஒரு கட்டு, மாறவே மாறாத கட், புட், ஹிட், ஷட், லெட் ஒரு கட்டு.

ரெகுலரில் கவனிக்க வேண்டியது உச்சரிப்பு. எழுத்தில் ஒரே 'எட்' என்றாலும் வாக்ட், ப்ளேய்ட், வான்டிட் என்று மூன்று விதமாக ஒலிக்கும். வேர்ச்சொல் வான்ட் போல 'ட்' என்றோ, நீட் போல மென்மையான 'ட்' என்றோ முடிந்தால் மட்டும்தான் கடைசியில் ஓர் அசை கூடும். 'வாக்கெட்' என்று சொல்லாதீர்கள்.

ஏழாம் படி: முற்றும் எச்சமும்

ஃபைனைட், நான்ஃபைனைட் என்றதும் மிரள வேண்டாம். வினைமுற்று, வினையெச்சம் படித்தவர்களுக்கு இது பாதி தெரிந்த பாடம். மீதிப் பாதியில்தான் சிக்கல்.

'எழுந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போனேன்.' நான்கு செயல்களில் முற்று ஒன்றுதான், 'போனேன்'. மற்ற மூன்றும் எச்சம். ஆங்கிலத்தில் இதைச் சாதாரணமாகச் சொல்லும்போது நான்குமே முற்றாகிவிடும்: 'ஐ வோக் அப், டுக் எ பாத், ஏட் பிரேக்ஃபாஸ்ட் அண்ட் வென்ட் டு வொர்க்'. கடைசி வெர்புக்கு மட்டும் காலம் போட்டு மற்றவற்றை அம்போ என்று விடுவது நம் எச்சப் பழக்கம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வெர்பும் காலம் காட்டுகிறதா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். 'நேற்று வந்த பையன்' என்ற பெயரெச்சமும் அங்கே 'தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே' என்று முற்றாக நீளும்.

ஆங்கிலத்தில் உண்மையிலேயே காலம் காட்டாமல் நிற்பவை, 'டு' சேர்ந்த இன்ஃபினிடிவ், 'இங்' சேர்ந்த ஜெரண்ட், பார்ட்டிசிப்பிள் ஆகியவை. 'பால் வாங்கக் கடைக்குப் போனேன்' என்பதில் உள்ள 'வாங்க', 'டு பை' ஆகிறது. 'நீந்துதல்' போன்ற தொழிற்பெயர் 'ஸ்விம்மிங்' ஆகிறது. வான்ட், ஹோப், டிஸைட், ப்ளான் ஆகியவற்றுக்குப் பின்னால் 'டு' வரும். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் ஆகியவற்றுக்குப் பின்னால் 'இங்' வரும். ஸ்டாப் என்பதற்கு இரண்டும் வரும், அர்த்தம் தலைகீழாகிவிடும். 'ஹீ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் சிகரெட்டை விட்டுவிட்டார். 'ஹீ ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் போகிற வழியில் சிகரெட் பிடிக்க நின்றார்.

ஃப்ரேஸல் வெர்ப் பற்றிச் சுருக்கமாக. கண்டு, பிடி இரண்டும் சேர்ந்து 'கண்டுபிடி' என்று புதுப்பொருள் தருவதுபோல், கிவ், அப் சேர்ந்தால் கைவிடு. புட், ஆஃப் சேர்ந்தால் தள்ளிப்போடு. பட்டியல் பெரியது, படிக்கப் படிக்கத்தான் வரும். ஒரு விதி மட்டும் இப்போதே தெரிந்திருக்கட்டும்: இட், ஹிம் போன்ற சொல் வந்தால் பல ஃப்ரேஸல் வெர்புகளில் அது நடுவில் நுழைந்துகொள்ளும். 'ஸ்விட்ச் இட் ஆஃப்' சரி, 'ஸ்விட்ச் ஆஃப் இட்' தப்பு. லுக் ஆஃப்டர் மாதிரி பிரிக்க முடியாதவற்றில் 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்று கடைசியில்தான்.

எட்டாம் படி: லீவ் லெட்டரைப் பிரித்துப் பாருங்கள்

நாம் எல்லோரும் எழுதிய ஒரே ஆங்கில இலக்கியத்தில் கை வைக்கலாம். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் ஸ்கூல் டுடே. கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் ஒன் டே.'

முதல் ஆம் உதவியாள், சஃபரிங் முதலாளி. 'எதை' என்று கேட்டால் நேரடிப் பதில் இல்லை, ஃப்ரம் என்ற பாலத்தின் வழியாகத்தான் ஃபீவர் வருகிறது. எனவே இன்ட்ரான்ஸிடிவ். இரண்டாவது ஆம் உதவியாள் இல்லை, அதன் பின்னால் வேறு முதலாளி வெர்ப் கிடையாது. அனேபிள் என்பது அட்ஜெக்டிவ். ஆகவே அது லிங்க்கிங். ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் இரண்டு வகையாக நிற்கிறது பாருங்கள். டு அட்டெண்ட் இன்ஃபினிடிவ், காலம் காட்டவில்லை. அது ட்ரான்ஸிடிவும்கூட, ஸ்கூலை நேராகப் பிடிக்கிறது, 'அட்டெண்ட் டு ஸ்கூல்' என்று எழுதினால் தப்பு. கிராண்ட் என்பதற்கு மீ, லீவ் என்று இரண்டு பொருள்கள், கிவ் குடும்பம். லீவ் என்பது வேறிடத்தில் வெர்பாக வரும். இங்கே 'எஸ்டர்டே' போட்டாலும் அது மாறாது, வெறும் பெயர்ச்சொல்.

இதே மாதிரி அடுத்ததை நீங்களே செய்யலாம். போனில் பேங்க்கிலிருந்து வந்திருக்கும் 'யுவர் அக்கவுன்ட் ஹேஸ் பீன் க்ரெடிட்டட்' என்ற எஸ்எம்எஸ்ஸை எடுத்து, மூன்று வெர்புகளில் முதலாளி யார், காலத்தைச் சுமப்பவர் யார் என்று நோட்டில் எழுதுங்கள்.